ரம்முக்குக் கஸ்தூரி

அக்கா உட்கார்ந்து எதையும் குடித்து நான் பார்த்ததில்லை. டீயோ மோரோ, டம்ளரைக் கையில் எடுத்தால் நடக்க ஆரம்பித்துவிடுவாள். வாசல் வரை வந்து ஒரு வாய். ஜன்னல் வரை போய் ஒரு வாய். நடுநடுவே இடது மணிக்கட்டை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மெல்ல இழுத்துக்கொள்வாள். அதில் அத்தரோ செண்டோ ஒரு சொட்டு இருக்கும். குடிப்பதும் முகர்வதும் சேர்ந்து வந்தால் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வாய். சேரவில்லையென்றால் டம்ளரை நின்ற இடத்திலேயே வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வேறு குப்பியைத் தேடி உள்ளே போவாள். திரும்பி வருவதற்குள் டீ ஆறிப்போயிருக்கும். "சூட்டு டீக்குச் சேர்றது வேற, ஆறுன டீக்குச் சேர்றது வேற" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

காலடிப்பேட்டையில் ஒரு மாடியில் வரிசையாக நாலு வீடு. கடைசி வீட்டில் நானும் என் வீட்டுக்காரர் சேகரும் குடிபோனோம். அதற்கு முந்தின வீடு அக்காவுடையது. எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. சாமான் இறக்கின அன்றே அக்கா எட்டிப் பார்த்தாள். அடுப்பைப் பற்றவைத்துப் போட்ட முதல் டீயை அவளுக்குத்தான் கொடுத்தேன். வாங்கி முகர்ந்தாள்.

"இஞ்சி தட்டிப் போட்டியா? இரு. நீயும் குடிக்காத."

தன் வீட்டுக்கு ஓடினாள். கட்டைவிரல் அளவு குப்பி ஒன்றைக் கொண்டுவந்து, அதன் மூடியால் என் மணிக்கட்டில் தொட்டாள். வெட்டிவேர் அத்தர். "இத்த மோந்துகினே குடி."

குடித்தேன். தொண்டையில் ஏறுகிற இஞ்சிக் காரம் அடங்கி, மழை பெய்து விட்ட தெருவில் நின்று டீ குடிப்பது போல் இருந்தது. நான் போட்ட டீதானா என்று டம்ளரைப் பார்த்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, தெரிதா?"

"தெரியுதுக்கா."

"தெரியலன்னாலும் தெரிதுன்னுதான் சொல்லுவ. புதுசா வந்தவ." சொல்லிவிட்டு டம்ளரோடு வெளி வராந்தாவுக்கு நடந்துபோய்விட்டாள்.

அவளுக்கு ராயபுரம். மீன்பிடிக்கிற குடும்பம். கல்யாணத்துக்கு முன்னால் மண்ணடியில் ஒரு பாயின் அத்தர் கடையில் வேலைக்கு நின்றவள். வாங்க வருகிறவர்களுக்குக் கடையில் பால் சேர்க்காத சுலைமானி டீ கொடுப்பார்களாம். டீ குடித்துவிட்டு முகர்ந்து பார்ப்பவர்கள் ஒரு அத்தர் எடுப்பதையும், வெயிலில் வந்து ஜில்லென்று தண்ணீர் குடித்தவர்கள் வேறு ஒன்று எடுப்பதையும் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்கு இந்தப் பித்துப் பிடித்தது. அங்கே வருகிறவர்களிடம் பேசிப் பேசி ஹிந்தியும் வந்துவிட்டது.

மோருக்கு மரிக்கொழுந்து என்பாள். நன்னாரி சர்பத்துக்குத் தாழம்பூ. ரோஸ் மில்க்குக்கு ரோஜா வைக்கவே கூடாது. "ரெண்டும் ஒரே ஊர்க்காரங்க. புதுசா இன்னா பேசிக்குவாங்க?" காபியோடு மட்டும் அவளுக்குக் கடைசி வரை சமாதானம் ஆகவில்லை. கிட்டே எதை வைத்தாலும் காபி அதைத் தள்ளிவிடுகிறதாம். புடவைத் தலைப்பில் கொஞ்சம் சந்தனம் தொட்டுக்கொண்டு தூரமாக நிற்கவிட்டால் பொறுத்துக்கொள்ளுமாம்.

ஒருமுறை தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். வாசலில் பன்னீர் தெளித்தார்கள், உள்ளே போனதும் காபி கொடுத்தார்கள். அக்கா காபியோடு எழுந்து மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் சமையல்காரரிடம் போய், "பன்னீரத் தெளிச்சிட்டு காபியக் குடுத்தா ரெண்டும் வாய்க்குள்ள சண்ட போடாதா? பாதாம் பால் வச்சிருக்கலாம் இல்ல?" என்று கேட்டாள். அந்த ஆள் கரண்டியோடு அவளை மேலும் கீழும் பார்த்தார். பெண்ணின் அம்மா வந்து என்னவோ ஏதோ என்று பயந்துபோனாள். நான்தான் அக்காவின் கையைப் பிடித்துச் சாப்பாட்டுப் பந்திக்கு இழுத்துப்போனேன். பந்தியிலும் இரண்டு தடவை எழுந்துவிட்டாள்.

மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று அடிக்கிற நாட்களில் அவள் படுகிற பாடு பார்க்கச் சகிக்காது. எல்லாருக்கும் தலைவலி வரும், கண் எரியும், ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலையைப் பார்ப்போம். அக்கா மட்டும் அறைக்கு அறை போய்வந்துகொண்டே இருப்பாள். "இன்னா வாசன எடுத்தாலும் கேஸு வந்து முன்னாடி குந்திக்கிது. வாசனய வாசனையால அடிக்க முடியாது, தெரிமா? அதுக்கு ஒரு தோஸ்து புடிச்சிக் குடுக்கணும். இந்த கேஸுக்கு தோஸ்தே கெடையாது."

தோஸ்து பிடித்துக் கொடுப்பது என்று அவள் அடிக்கடி சொல்வதை நான் அவளுடைய பேச்சு வழக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அதில் ஒரு தொழிலே இருக்கிறது என்று புரியக் கொஞ்ச நாள் ஆனது.

நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சத்துக்காக மிஷினை வாசல் ஓரம் வைத்திருந்ததால் மாடிப்படி ஏறி வருகிறவர்கள் எல்லாரும் கண்ணில் படுவார்கள். காலையில் சேகர் கிளம்புகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், தெருவிலுள்ள பெண்கள் ஒருத்தி ஒருத்தியாக அக்கா வீட்டுக்கு வருவார்கள். கையில் புருஷனுடைய சட்டை இருக்கும்.

"நேத்து இன்னா?" என்று அக்கா கேட்பாள்.

"பிராந்திதான்."

"எவ்ளோ?"

அளவைச் சொல்வார்கள். அக்கா சட்டையை வாங்கி, காலர் மடிப்பிலும் அக்குள் தையலிலும் குப்பியால் தொட்டுக் கொடுப்பாள். வாயில் அடக்கிக்கொள்ள இரண்டு கிராம்போ ஏலக்காயோ தருவாள். காசு வாங்க மாட்டாள்.

"பிராந்தில திராட்ச வாசன கீது. அது மேல எலுமிச்ச செண்ட அடிச்சா, இவன் எதையோ மறைக்கறான்னு கம்பெனி கேட்காரனுக்கு அப்பவே தெரிஞ்சிப்பூடும். ரோஜா அத்தர் வச்சா திராட்சையும் ரோஜாவும் கைகோத்துக்கும். இன்னாடா இவன் இவ்ளோ அத்தர் பூசிக்கினு வர்றான்னு திட்டுவான். உள்ள உட்டுருவான்." எனக்கு அவள் விளக்கியது அப்படித்தான். பீருக்கு எலுமிச்சை வாசக் கொலோன் செண்டு. விஸ்கிக்கு, அதில் புகை வாசம் இருப்பதால், அகில்கட்டையிலிருந்து எடுக்கிற ஊது அத்தர். ரம்முக்குக் கஸ்தூரி.

எங்கள் தெருவில் பாதி ஆண்களுக்கு வேலை துறைமுகம், கண்டெய்னர் யார்டு, இரும்பு மார்க்கெட் என்று கேட் வைத்த இடங்களில்தான். கேட்டில் வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்க்கிற ஒருவர் இருப்பார். வாசனை வந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. மூன்றாவது தடவை பிடிபட்டால் எப்போதுமே கிடையாது. ராத்திரி குடித்தது காலையிலும் மேலே நிற்கிறதே என்று அந்தப் பெண்களுக்குப் பயம். அவர்கள் அடுப்பு எரிவதில் அக்காவுக்கும் ஒரு பங்கு இருந்தது. அப்படித்தான் நானும் நினைத்தேன்.

அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். சாத்தாங்காட்டில் ஒரு இரும்பு யார்டில் கிரேன் ஆபரேட்டர். அதிர்ந்து பேசாத மனிதர். படியில் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவார். மேலே எப்போதும் கல்யாண வீட்டு வாசனை. அவருக்கு யார்டில் நல்ல பேர். கொத்தவரங்காய் மாதிரி கட்டுக் கட்டாக இருக்கிற கம்பிகளை லாரியில் அலுங்காமல் இறக்குவார் என்று சொல்வார்கள். அவர் சொல்லித்தான் சேகருக்கு அங்கே வேலை கிடைத்தது. கம்பிக் கட்டுகளில் சங்கிலி சுற்றி, கொக்கியில் மாட்டி, மேலே இருக்கும் கிரேன்காரருக்குக் கை காட்டுகிற வேலை. கை காட்டினதும் ஒதுங்கிவிட வேண்டும்.

ஒருநாள் சேகர் மத்தியானமே வீட்டுக்கு வந்தார். பேண்ட்டில் முழங்கால் வரை ரத்தம். என் உயிரே போய்விட்டது. "என்னுது இல்ல, என்னுது இல்ல" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார்.

கூட வேலை செய்கிற ரபி என்ற ஒடிசாக்காரரின் ரத்தம் அது. சேகர் ஒரு பக்கம் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். ரபி மறுபக்கம். இவர் கை காட்டுவதற்கு முன்பே கட்டு மேலே எழும்பிவிட்டது. ஒரு பக்கம் சரிந்து ரபியின் வலது பாதத்தின் மேல் இறங்கிவிட்டது. ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள்.

"நான் கையே காட்டல. அதுக்குள்ள மாமா தூக்கிட்டாரு" என்றார் சேகர். "ஆனா சங்கிலி சரியா மாட்டலன்னு என்மேல சொல்றாங்க. மாமாவும் அதான் சொல்றாரு. வூட்டுக்குப் போ, போலீஸ் வந்தா கூப்பிடறோம்னுட்டாரு மேனேஜர்."

"மாமா குடிச்சிருந்தாரா?"

"கேட்ல மோந்து பாத்துதான் உட்டாங்க. நானும் பக்கத்துலதான் நின்னேன். எப்பவும் வர்ற செண்டு வாசனதான்."

சாயங்காலம் அக்கா வந்தாள். கையில் டம்ளர் இல்லை. உள்ளே வந்து சுவரோரம் நின்றாள், பிறகு அடுப்படி வரை போனாள், திரும்பி வந்தாள். சேகரைப் பார்த்து, "நீ எங்க நின்னுகினு இருந்த?" என்று கேட்டாள்.

"ரபிக்கு எதிர்ல. கட்டு இந்தப் பக்கம் சரிஞ்சிருந்தா என் கால்தான்."

ரபிக்குப் பாதத்தை எடுத்துவிட்டார்கள் என்று அப்போதுதான் போனில் சேதி வந்திருந்தது. அதையும் சேகர் சொன்னார். அக்கா வெளியே போய் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பின்னாலேயே போனேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"காலைல மாமா சட்டைக்கு இன்னா வச்சீங்க?"

"கஸ்தூரி" என்றாள்.

"நேத்து ராத்திரி குடிச்சதுக்கா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"காலைல குடிச்சதுக்கு. ரொம்ப நாளா காலைல ஒரு கட்டிங் போட்டாத்தான் அவுருக்குக் கை நிக்கிது. போடலன்னா நடுங்குது. டம்ளர் புடிக்க முடியாது. நடுங்குற கையால கிரேன் லீவரப் புடிச்சா அது இன்னும் ஆபத்து இல்லியான்னு நெனச்சேன். நானே ஊத்திக் குடுப்பேன். நானே சட்டையில வாசன வச்சி அனுப்புவேன்." கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "இன்னிக்கி ஒன்னு பத்தலன்னு ரெண்டாவது கேட்டாரு. குடுத்தேன்" என்றாள்.

நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சேகரிடம் சொன்னபோது அவர், "யாரு நம்புவா? மாமாவுக்கு அங்க இருக்கிற பேருக்கு, நான் தப்பிக்கப் பொய் சொல்றேன்னுதான் சொல்லுவாங்க" என்றார். விடிகிற வரைக்கும் பக்கத்து வீட்டில் நடக்கிற காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

காலையில் அக்கா கதவைத் தட்டினாள். தலைவாரிப் பூ வைக்காமல், தோளில் ஒரு துணிப்பை. "யார்டு வரைக்கும் வா. எனக்கு வழி தெரியும். தனியாப் போனா பாதில திரும்பிடுவேன். அதான் கூப்புடறேன்."

ஷேர் ஆட்டோவில் போனோம். வழி முழுக்க அவள் பையின் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். சாத்தாங்காட்டில் இறங்கினதும் வேகமாக முன்னால் நடந்தாள், நான் ஓட வேண்டியிருந்தது.

ஆபீஸ் என்பது ஒரு தகர அறை. மேனேஜருக்கு ஐம்பது வயதிருக்கும். அக்காவைத் தெரிந்திருந்தது. ஆயுத பூஜைக்கு வந்திருப்பாள் போலிருக்கிறது. "அண்ணன் எப்படி இருக்காரும்மா? ஒரு வாரம் லீவு எடுத்துக்கச் சொல்லு" என்றார்.

"சார், கேட்டாண்ட மோந்து பாக்கறவரக் கொஞ்சம் கூப்புடுங்க."

எதற்கு என்று கேட்டார். கூப்பிடுங்கள், சொல்கிறேன் என்றாள். அந்தக் கேட்காரர் வந்தார். தாடி வைத்த மெலிந்த ஆள். அவர் வந்து நின்றதும் அக்கா பையிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்தாள். அதில் பாதிக்குக் கீழே ரம் இருந்தது. மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பாட்டிலிலிருந்து இரண்டு வாய் குடித்தாள். அவள் அதுவரை குடித்ததே இல்லை. இருமல் வந்து குனிந்துவிட்டாள். நான் போய்த் தோளைப் பிடித்தேன், உதறிவிட்டாள். கண்ணில் தண்ணீர் ஒழுக ஒழுகக் குப்பியைத் திறந்து, காதுக்குப் பின்னால் தொட்டாள், கழுத்தில் தொட்டாள், புடவைத் தலைப்பின் ஓரத்தில் தொட்டாள். கிராம்பைக் கடித்தாள். அந்தச் சின்ன அறைக்குள் சுவருக்குச் சுவர் நடந்தாள். வாசனை உடம்புச் சூட்டோடு கலக்கிற வரை நடக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

நின்று கேட்காரரைக் கூப்பிட்டாள். "இப்போ மோந்து பாரு."

அவர் மேனேஜரைப் பார்த்தார்.

"டெய்லி என் வூட்டுக்காரர எப்பிடிப் பாக்கறியோ அப்பிடிப் பாரு. பரவால்ல."

அந்த ஆள் சங்கடத்தோடு கிட்டே வந்து குனிந்தார். அக்கா அவர் முகத்துக்கு நேராக ஊதினாள். அவர் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"இன்னாய்யா?" என்றார் மேனேஜர்.

"இது அண்ணனோட வாசன சார்" என்றார் கேட்காரர். "நேத்து காலைலயும் இதேதான்."

அக்கா பையிலிருந்து ஈரத்துணி எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். கிராம்பை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள். திரும்பவும் ஊதினாள். இந்தத் தடவை கேட்காரர் கிட்டே வர வேண்டியிருக்கவில்லை. எனக்கே ரம் வாடை அடித்தது.

மேனேஜர் ரொம்ப மெதுவாகத்தான் கேட்டார். "உன் வீட்டுக்காரருக்கு வேலை போயிடும். கேஸ் வரும். தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏம்மா வந்த?"

அக்கா ஜன்னல் பக்கம் போனாள். அங்கிருந்து பார்த்தால் கிரேன் தெரிந்தது. கொக்கி வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. "அந்தாளுக்குக் கால் போச்சு. இந்தப் பொண்ணோட வூட்டுக்காரர் மேல பழியப் போட்டுகினு கீறீங்க. ரெண்டும் என் கையால ஆனது. அவரு வந்து சொல்ல மாட்டாரு. அவுருக்கு தைரியம் இல்ல" என்றாள். பிறகு, "எனக்கும் இல்ல. அதான் இவளக் கூட்டியாந்தேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் அவளே சொல்லிவிட்டாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அடி விழும், பாத்திரம் பறக்கும் என்று நானும் சேகரும் எழுந்து நின்றுகொண்டிருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அவர் குரல் மட்டும் ஒருமுறை கேட்டது.

"நீ குடிச்சியா?"

"ரெண்டு வாய்."

மாமா அழுதிருப்பார் என்று சேகர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுநாள் மாமாவுடைய அண்ணன் வந்து அவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். சேகரை யார்டில் திரும்பக் கூப்பிட்டார்கள். கேட்டில் முகர்வதை நிறுத்திவிட்டு ஊதிப் பார்க்கிற மிஷின் வாங்கி வைத்தார்கள்.

காலையில் பெண்கள் சட்டையோடு வருவது நிற்கவில்லை. அவர்கள் புருஷன்மார் வேலை செய்யும் இடங்களில் இன்னும் மூக்குதானே. அக்கா யாரையும் வாசலைத் தாண்ட விடவில்லை. கீழ்வீட்டில் ஒரு டிரெய்லர் டிரைவரின் பெண்சாதி இருந்தாள். அவள் படியிலேயே நின்று கேட்டாள்.

"உன் புருஷன் வேல போச்சின்னா எங்க வூட்டு அடுப்பும் அணையணுமா? இத்தினி நாளு குடுத்த இல்ல?"

"குடுத்தேன். தப்பு."

"இன்னிக்கி ஒரு நாளு குடு. ராத்திரி நல்லா ஏத்திக்கினாரு. எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் எடுக்கணும்."

"கண்டெய்னர் ஓட்டறாரு இல்ல? அதான் தரமாட்டேன்."

அந்தப் பெண் கையிலிருந்த சட்டையை அக்காவின் காலடியில் வீசிவிட்டுப் போனாள். அதன் பிறகு அந்தத் தெருவில் அக்காவோடு யாரும் பேசவில்லை. தண்ணீர் லாரி வந்தால் அவளுடைய குடத்தை வரிசையிலிருந்து நகர்த்திவிடுவார்கள். நான் என் குடத்தோடு சேர்த்து அவளுடையதையும் பிடித்து வருவேன். என்னையும் முறைப்பார்கள். நான்தான் அவளை ஏவிவிட்டு என் புருஷனைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று பேச்சு. நான் மறுத்துப் பேசப் போகவில்லை. சொன்னாலும் யாரும் கேட்கிற நிலைமையில் இல்லை.

அக்கா அந்த நாட்களில் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ரபிக்கு எதைக் கொடுத்தாலும் குமட்டிக்கொண்டு வந்ததாம். மருந்து வாடையும் புண் வாடையும் சேர்ந்து, டம்ளரை வாயருகே கொண்டுபோனாலே வாந்தி. அவர் அண்ணன் ஊரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அக்கா கேழ்வரகுக் கஞ்சியும் குப்பிகளுமாகப் போவாள். மல்லி வைத்துப் பார்த்தாள், சந்தனம் வைத்துப் பார்த்தாள், சரிவரவில்லை. ஒவ்வொரு நாளும் திரும்பி வந்து என் வாசலில் நின்று, "அந்த மருந்து வாடைக்குப் பக்கத்துல ஒருத்தரும் நிக்க மாட்டேங்கறாங்க" என்பாள். கடைசியில் எலுமிச்சை இலையைக் கசக்கிக் கைக்குட்டையில் வைத்து, அதில் ஒரு சொட்டு வெட்டிவேர் விட்டு அவர் மூக்கருகே பிடித்தாளாம். அரை டம்ளர் கஞ்சி உள்ளே போயிருக்கிறது. அன்றைக்கு அக்கா சிரித்ததைப் பார்த்தேன். அதே நாளிலோ மறுநாளிலோ, தான் யார் என்பதையும் விபத்தன்று காலையில் தன் வீட்டுக்காரருக்கு என்ன ஊற்றிக் கொடுத்தாள் என்பதையும் ஹிந்தியில் அவரிடம் சொல்லிவிட்டாள். அதுவரை யாரோ யார்டிலிருந்து அனுப்பின பெண் என்றுதான் அவர் நினைத்திருந்திருக்கிறார்.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினாரு. கஞ்சி வாணாம்னுட்டாரு."

"மறுபடியும் போவீங்களா?"

"போவாம?"

போனாள். அடுத்த நாள் அவர் டம்ளரை வாங்கிக் குடித்திருக்கிறார். பேசவில்லை. அண்ணன் வந்து ரயிலில் கூட்டிப்போகிற வரை அப்படித்தான் நடந்தது. குடிப்பாராம், பேசமாட்டாராம். சென்ட்ரலில் வழியனுப்பப் போன சேகர், ரபி ஜன்னல் வழியாக அக்காவைத் தேடினார் என்றார். அக்கா போகவில்லை. தன் முகத்தை அவர் அங்கேயும் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ.

மாமாவைக் குடி நிறுத்துகிற வார்டில் சேர்த்தார்கள். வந்தார், கொஞ்ச நாள் நன்றாக இருந்தார், மறுபடி குடித்தார், மறுபடி சேர்த்தார்கள். கேஸ் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அக்கா விம்கோ நகர்ப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி மடிக்கிற வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஒருநாள் மத்தியானம் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. சாமானை ஏற்றிக்கொண்டு எர்ணாவூரில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோய்விட்டார்கள். கிளம்பும்போது என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, "மிஷின வாசல்ல போடாத, தூசி அடையும்" என்றாள். வேறெதுவும் சொல்ல அவளுக்கு நிதானம் இல்லை. கீழே டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவளை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். மெட்ரோ ரயில் விட்ட பிறகு, விம்கோ நகர் ஸ்டேஷனில். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என் பிள்ளையைப் பற்றிக் கேட்டாள், சேகரைப் பற்றிக் கேட்டாள். பதிலைக் காதில் வாங்கிக்கொண்டே ரயில் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா எப்படி இருக்காரு?"

"காசிமேட்டுல ஐஸ் கம்பெனில வேல. ஐஸ் கட்டிய எண்ணி உடறது. மிஷின் கிட்ட எல்லாம் போறதில்ல."

கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டேன். "குடிக்கறது?"

"நேத்து குடிச்சாரு" என்றாள். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். "காலைல எயுந்ததும் அவரே ஐஸ் கம்பெனிக்கு போன் போட்டாரு. நேத்து குடிச்சிட்டேன் மொதலாளி, இன்னிக்கி வரலன்னு சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்ததைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் அதை மறைக்கவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொள்ளவும் இல்லை.